குமிழ் செய்த கை

கடையில் எல்லோரும் அவளை மவுஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பட்டத்தை வைத்தவர் முன்னறையில் உட்கார்ந்திருக்கும் பிரிண்டர்காரர். கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அந்தக் கடையில் முன்னறை ஆண்களுக்கு, பின்னறை அவளுக்கு. வருகிற மவுஸையும் கீபோர்டையும் கழற்றி, உள்ளே அப்பியிருக்கும் அழுக்கைச் சுரண்டி, துடைத்து மூடிக் கொடுக்க வேண்டும். துடைக்கத்தான் வேலைக்கு வைத்தார்கள். ஆனால் திறந்த பொருளைப் பார்த்துக்கொண்டு கை சும்மா இருக்குமா? துடைக்கிற சாக்கில் ஈயம் உருக்கி ஒயரைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். எந்த ஒயர் எதற்குப் போகிறது என்று கண்டுபிடித்தாள். முன்னறையில் தேறாது என்று தூக்கிப்போட்ட மவுஸ் பின்னறைக்கு வந்து உயிரோடு திரும்பிப் போகும்.

"இது தானாவே சரியாயிடுச்சு போல" என்பார் பிரிண்டர்காரர்.

"ஆமாண்ணே, தூசிதான் அடைச்சிருந்துச்சு" என்பாள் அவள்.

அப்படிச் சொல்லிச் சொல்லியே நாக்கு பழகிவிட்டது. தான் செய்ததைத் தூசியின் கணக்கில் எழுதிவிடுகிற அந்தப் பழக்கம் கடைசியில் அவள் தலையிலேயே விடிந்தது.

அவள் புருஷன் தச்சர். நாற்காலி, மேசை செய்யும் பட்டறையில் நல்ல பேரோடு இருந்தவர். பட்டறையை மூடினார்கள்; அவர் வீட்டோடு ஆனார். முதலில் கதவுகளுக்கெல்லாம் எண்ணெய் போட்டார். பிறகு ஆடாத அலமாரியைப் பிரித்து மறுபடி பூட்டினார். அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. பேச ஆரம்பித்தால் பக்கத்து வீடு வரை சிரிக்க வைக்கிற மனிதர், ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவில் போகிற வண்டிகளைப் பார்க்கத் தொடங்கினார். அவருடைய அக்காவும் அவர்களோடுதான் இருந்தாள். இவளுக்கு அண்ணி முறை. அந்த வீட்டில் குழந்தை கிடையாது. அதனால் அண்ணியின் பார்வையும் பேச்சும் தம்பி ஒருவர் மேல்தான்.

"சம்பாதிக்கிறவளுக்கு முதல்ல சாப்பாடு போடணும், என் தம்பி கடைசியா சாப்பிட்டுக்குவான்" என்று அண்ணி பரிமாறுகிற அழகில் அவள் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள்.

இந்த நிலையில்தான் கடைத்தெருவில் இருந்த விளையாட்டு ஹாலில் கவுண்டருக்குப் பலகை அடிக்க அவரைக் கூப்பிட்டார்கள். காசு போட்டு ஆடுகிற பழைய மெஷின்கள் வரிசையாக நிற்கும் ஹால் அது. வீட்டுக்கு வந்தவர், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்ததும் சொன்னார்: "அங்க குமிழைத் திருப்பித் திருப்பி ஆடுற மெஷின்தான் கூட்டத்துக்குப் பிடிக்குமாம். இடமும் வலமும் திருப்பினா திரையில பலகை ஓடும், பந்தைத் தட்டும். அந்தக் குமிழெல்லாம் செத்துப்போச்சு. புதுசு கிடைக்கலைன்னு ஹால்காரர் தலையைச் சொறியறார்."

"இடம், வலம் மட்டும்தானா?" என்று கேட்டாள் அவள்.

"ஆமா."

"அப்ப அது பாதி மவுஸுங்க."

அவருக்குப் புரியவில்லை. மறுநாள் கடையிலிருந்து, தூக்கிப்போட வைத்திருந்த பழைய உருண்டை மவுஸ் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து காட்டினாள். வயிற்றில் ரப்பர் உருண்டை வைத்த அந்தக் காலத்து மவுஸ். உருண்டை உருளும்போது உள்ளே இரண்டு சின்ன உருளைகளைத் தள்ளும். ஒவ்வொரு உருளையின் முனையிலும் பல் பல்லாக இடைவெளி விட்ட ஒரு குட்டிச் சக்கரம். சக்கரத்துக்கு ஒரு பக்கம் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் விடும் விளக்கு, மறு பக்கம் அதைப் பார்க்கும் கண். சக்கரம் சுற்றச் சுற்ற வெளிச்சம் விட்டு விட்டு விழும். அதை எண்ணித்தான் மவுஸ் தான் எவ்வளவு நகர்ந்தோம் என்று தெரிந்துகொள்கிறது.

"உருண்டையை எடுத்துடலாம். மேல கீழ போற உருளை நமக்கு வேண்டாம். மிச்சம் இருக்கிற உருளைய உங்க குமிழோட தண்டு தேய்க்கணும், அவ்வளவுதான்" என்றாள்.

எளிதாகச் சொல்லிவிட்டாள். செய்யும்போது விழி பிதுங்கியது. தண்டு வழுக்கியது, ரப்பர் வளையம் மாட்டினாள். வளையம் இறுக்கமாகிச் சுற்றவே மறுத்தது; தளர்த்தினால் நழுவியது. பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைப் பிரித்து, அதன் நடுவில் வெண்ணெய்போல் சுற்றுகிற பாகத்தை எடுத்துத் தண்டுக்கு அடியில் வைத்ததும்தான் குமிழ் ஒரு சுண்டலுக்கு நின்று நிதானமாகச் சுழன்றது. மவுஸின் இடது பொத்தானிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து, உள்ளங்கையால் அடிக்கக்கூடிய பெரிய சிவப்புப் பொத்தானில் பற்றவைத்தாள். அவர் பெட்டி செய்தார். மூலைக்கு மூலை பல்லிணைப்பு, ஆணியே தெரியாத வேலை. இருவரும் ஒரே மேசையில் குனிந்து வேலை செய்த அந்த நாட்களில் அவருக்குப் பழைய சிரிப்பு கொஞ்சம் திரும்பி வந்தது.

"பாதி மவுஸுக்கு இவ்வளவு பெரிய வீடா? மவுஸே கனவுல கூட நினைச்சிருக்காது" என்றார்.

அவளும் ஒன்று நினைத்திருந்தாள். மெஷின்களைப் பார்த்துக்கொள்ள ஹாலில் ஒரு ஆள் தேவை, இந்தக் குமிழை யார் செய்கிறார்களோ அவர்களையே வைத்துக்கொள்வேன் என்று ஹால்காரர் சொல்லியிருந்தார். ஹாலின் ஓரத்தில் அதற்கென்று ஒரு தனி அறை, அதில் ஒரு மேசை, மேசைக்கு மேலே விளக்கு. அதையெல்லாம் புருஷனே வீட்டுக்கு வந்து சொல்லியிருந்தார். அந்த அறையில் தன்னை வைத்து அவள் பலமுறை பார்த்துவிட்டாள். அங்கே யாரும் அவளைத் துடைக்கச் சொல்ல மாட்டார்கள்.

"நான் பண்ணினதுன்னு சொல்லுங்க. பெட்டி உங்களோடது, உள்ள இருக்கிறது என்னோடது. அப்படியே சொல்லுங்க, போதும்" என்று சொல்லித்தான் மாதிரியைக் காட்ட அனுப்பினாள்.

அவர் திரும்பி வந்தபோது நடையே மாறியிருந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தார்.

"பிடிச்சுப்போச்சு, பெட்டியை மெருகேத்திக் கொண்டுவரச் சொன்னாங்க. திறப்பு விழா மாதிரி வெச்சு, வாசல்லயே நிறுத்தப் போறாங்களாம். நல்லா ஓடுச்சுன்னா வேலை நிச்சயம்."

"யாருக்கு?"

அவர் தண்ணீர் குடித்தார். செம்பைக் கீழே வைக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்.

"நீங்க பண்ணினதான்னு கேட்டாரு. ஆமான்னு வாயில வந்துடுச்சு. இப்ப என்ன? நம்ம வீட்டுக்குத்தானே வருது."

"எனக்குத்தானே வந்திருக்கணும்."

"உனக்கு ஒரு வேலை இருக்கு. எனக்குக் காலைல எழுந்து சட்டை போட்டுக்கிட்டுப் போக ஒரு இடம் இல்ல. அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"

அவளுக்குத் தெரியும். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் அவள்தானே. கோபத்தை இரக்கம் தின்றுவிட்டது. "சரி" என்றாள். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த அண்ணி, "என் தம்பி கை தங்கமான கை" என்றாள். அவர் மறுத்துப் பேசவில்லை.

பெட்டியை ஹாலுக்குக் கொண்டுபோகிற அன்று காலை அவள் ஒன்றைக் கவனித்தாள். பெட்டியின் முகப்பில் ஒரு சதுரத்தை அறுத்து எடுத்து, அதில் கண்ணாடி பொருத்தியிருந்தார். உள்ளே குமிழின் தண்டும் ரப்பர் வளையமும் குட்டிச் சக்கரமும் அப்படியே தெரிந்தன. சக்கரத்தின் மேல் அவள் ஒட்டி வைத்திருந்த கறுப்புத் தாளைக் காணோம்.

"அந்தத் தாளை எதுக்குப் பிச்சீங்க?"

"அசிங்கமா இருந்துச்சு. கண்ணாடி போட்டு, உள்ள கறுப்புத் தாளைக் காட்டினா எவன் பாப்பான்? செஞ்ச வேலை கண்ணுக்குத் தெரியணும்."

தச்சருக்கு அதுதான் தர்மம். மரத்தில் இணைப்பு தெரிந்தால்தான் வேலைக்கு மதிப்பு. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் தடவிப் பார்த்து மெச்சுவார்கள். ஆனால் இந்த வேலைக்கு இருட்டு வேண்டும். கடையில் மூடியைக் கழற்றிய மவுஸை வெயில் விழுகிற பக்கம் வைத்தால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்தச் சின்ன விளக்கு விடுகிற அதே கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் வெயிலிலும் இருக்கிறது; அது அந்தக் கண்ணை நிறைத்துவிடும். சக்கரம் சுற்றுவது அதற்குத் தெரியாது. அதனால்தான் பின்னறையில் அவள் எப்போதும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவாள்.

"வெயில் பட்டா ஓடாதுங்க."

"நேத்துகூட லைட்டைப் போட்டுக்கிட்டுத்தானே ஓட்டிப் பாத்தேன். அருமையா ஓடுச்சு."

"அந்த லைட்டு வேற, வெயில் வேற. அதுல…"

"இங்க பாரு, வண்டி வந்து நிக்குது. நல்ல காரியத்துக்குக் கிளம்பறப்ப குறுக்க குறுக்கப் பேசாத."

கறுப்புத் தாளில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்ட எவ்வளவு நேரமாகும்? கண்ணாடியைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஓடாமல் போகட்டும் என்று நினைத்தாளா? நினைத்தாள். நினைத்ததும் வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டுக்கொண்டே வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

ஹாலின் வாசல் முழுக்கக் கண்ணாடி. காலை வெயில் நேராக உள்ளே வந்து, பெட்டியின் மேல் கொட்டியது. சுற்றிலும் கூட்டம். ஹால்காரர் தாமே முன்னால் வந்து குமிழைப் பிடித்தார். திருப்பினார். திரையில் பலகை ஓடவில்லை. ஒரே இடத்தில் நின்று நடுங்கியது. வேகமாகத் திருப்பினார். பலகை ஒரு மூலைக்குத் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. கூட்டத்தில் யாரோ, "பலகைக்குக் குளிர் ஜுரம்" என்றார்கள். சிரிப்பு எழுந்தது.

"மாஸ்டர், என்ன இது?" என்றார் ஹால்காரர்.

அவள் புருஷன் குமிழைத் திருப்பிப் பார்த்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார். ஒயரை ஆட்டிப் பார்த்தார். தச்சருக்குத் தெரிந்ததெல்லாம் அவ்வளவுதான். முகம் வெளுத்து, உதட்டின் மேல் வியர்வை துளிர்த்தது. பிறகு கூட்டத்துக்குள் அவளைத் தேடினார். அந்தப் பார்வையை அவள் கண்டாள். அதில் அதிகாரம் இல்லை, பொய்யும் இல்லை. ஜன்னலோரத்து மனிதர்தான் இருந்தார்.

அவள் முன்னால் போனாள். கண்ணாடிக்கு முன்னால் குனிந்து, இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து அதன் மேல் பதித்தாள். வெயில் மறைந்தது.

"இப்பத் திருப்புங்க" என்றாள்.

பலகை இடம் போனது, வலம் போனது. பந்தைத் தட்டியது. கூட்டம் கை தட்டியது. ஹால்காரர் ஆடிக்கொண்டே சிரித்தார்.

"அடேங்கப்பா. மாஸ்டர், வீட்டுக்காரம்மா தொட்டதும் ஓடுது பாருங்க. என்ன கைராசி."

"கைராசி இல்லைங்க, வெளிச்சம். இந்தச் சக்கரத்துல…"

"எதுவோ ஒண்ணு. நல்ல கை. அப்படியே பிடிச்சிக்கிட்டிருங்கம்மா, இவங்களும் ஆடிப் பாக்கட்டும்."

அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இப்போது அவர் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை போதும். அவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தோடு சேர்ந்து சிரித்தார்.

"நம்ம வீட்ல எல்லாமே இவ தொட்டாத்தாங்க ஓடும். அடுப்பு உட்பட" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். கூட்டம் கலைகிறவரை அவள் குனிந்தே நின்றாள்.

அவருக்கு வேலை கிடைத்தது. தனி அறை, மேசை, மேசைக்கு மேலே விளக்கு எல்லாம் கிடைத்தன. காலையில் எழுந்து சட்டையை இஸ்திரி போட்டுப் போட்டுக்கொண்டு போனார். சாயங்காலம் சாப்பாட்டுப் பையில், டப்பாவுக்கு அடியில், குமிழும் பழைய மவுஸுமாக வந்தன. மற்ற மெஷின்களுக்கும் செய்ய வேண்டுமே. செய்தவற்றை ஆடுகிறவர்கள் முறுக்கி உடைப்பார்கள், அவற்றையும் பார்க்க வேண்டும். பகல் முழுக்கக் கடையில் துடைத்தவள், வீட்டுக்கு வந்து பற்றவைத்தாள். கறுப்புத் தாளை இப்போது அவர் பிய்ப்பதில்லை. "வெளிச்சம் ஆகாதுங்க, அதான் நுட்பமே" என்று ஹாலில் எல்லோருக்கும் அவரே விளக்கிச் சொல்வதாக அண்ணி பெருமையோடு சொன்னாள்.

ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அவர் சந்தோஷமாக இருந்தார். படியேறும்போதே பாட்டு வரும். சாப்பிடும்போது ஹாலில் நடந்ததை நடித்துக் காட்டுவார். அவளே சில நாள் வாய்விட்டுச் சிரித்துவிடுவாள். சிரித்த பிறகு கை ஏனோ கனத்துப்போகும். இந்தச் சிரிப்புக்கு என்ன கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியும். கொடுத்தது யார் கண்ணிலும் படவில்லை என்பதுதான் பொறுக்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு, நேராக ஹாலுக்குப் போனாள். அவர் பலகை வாங்க வெளியே போயிருந்த நேரம். ஹால்காரர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். நல்ல மனிதர்தான்.

"வாங்கம்மா, கைராசிக்காரம்மா. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாங்க. ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். இந்தக் குமிழெல்லாம் நான் செஞ்சது. முதல்ல வந்ததும் நான் செஞ்சதுதான். அவரு பெட்டி மட்டும்தான் செஞ்சாரு."

ஹால்காரர் முகத்தில் ஆச்சரியம் வரும் என்று எதிர்பார்த்தாள். கோபம் வந்தாலும் சரி என்றிருந்தாள். வந்தது இரண்டும் இல்லை. அவர் குரலைத் தாழ்த்தி, அடிபட்டவரிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"சரிம்மா. நீங்க செஞ்சதாவே இருக்கட்டும்."

"இருக்கட்டும்னு இல்லைங்க. நிஜமாவே. அதோ, அந்த மூலையில இருக்கிற மெஷின் இடப்பக்கம் திருப்பினா மட்டும் விக்கி விக்கி நிக்கும். ரப்பர் வளையம் தேஞ்சுபோச்சு. வேணும்னா இப்பவே திறந்து காட்டறேன்."

"ஆமாம்மா, விக்குது. மாஸ்டர் காலைலயே சொன்னாரு, வளையம் மாத்தணும்னு." அவர் தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க. வேலையில சேர்ந்த அன்னைக்கே மாஸ்டர் என்கிட்ட சொல்லிட்டாரு. என் வீட்டுக்காரி ஒருநாள் வந்து, எல்லாம் நான்தான் செஞ்சேன்னு சொல்லுவா, பெருசா எடுத்துக்காதீங்கன்னாரு. குழந்தை இல்லாத ஏக்கமாம். எதையாவது தன்னோடதுன்னு சொல்லிக்கணுமாம் உங்களுக்கு. சொல்றப்ப அவரு கண்ணே கலங்கிடுச்சும்மா. அப்படி ஒரு புருஷன் கிடைக்கறது…"

மிச்சத்தை அவள் கேட்கவில்லை. மெஷின்களின் சத்தம் காதை அடைத்தது. எப்படி எழுந்தாள், எப்படித் தெருவுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கடைக்குத் திரும்பிப் போய், வரிசையில் இருந்த மவுஸ்களைத் துடைத்தாள். பிரிண்டர்காரர் எதற்கோ கிண்டல் செய்தார். அதற்கும் சிரித்து வைத்தாள்.

சாயங்காலம் அவர் பாட்டோடு படியேறி வந்தார். பையைப் பிரித்து, மூலை மெஷினின் குமிழை மேசைமேல் வைத்தார்.

"வளையம் போயிடுச்சு. நாளைக்குக் காலைல வேணுமாம். இன்னைக்கு ஒருத்தன் இதைப் பிடிச்சிக்கிட்டு ஆடினான் பாரு, காரோட்டறவன் மாதிரி உடம்பையே சாய்ச்சு…"

அவள் பற்றவைக்கும் கம்பியை மின்சாரத்தில் செருகினாள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டாள். எதிரே போய் நின்றாள்.

"சூடாயிடும். உக்காருங்க."

"நானா?"

"உங்க கை தங்கமான கை. பண்ணுங்க, நான் பாக்கறேன்."

அவர் முதலில் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஹாலுக்குப் போனியா?"

"போனேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் குமிழைப் பார்த்தார்.

"அப்ப ஏதோ ஒரு பயத்துல சொல்லிட்டேன். நீ வந்து சொல்லிடுவியோன்னு… நான் நினைச்சு சொல்லலை."

"வேலையை நீங்க எடுத்துக்கிட்டீங்க. பரவாயில்லன்னு விட்டேன். எனக்கு அந்த ஏக்கம் இருக்குதான். ராத்திரி உங்க தோள்ல சாஞ்சு உங்ககிட்ட மட்டும் சொன்னது அது. அதை எடுத்துக்கிட்டுப் போய் அந்த ஆளுக்கு எதுக்குங்க கொடுத்தீங்க?"

அவர் எதையாவது செய்தாக வேண்டும் என்பதுபோல் திருப்புளியை எடுத்து, குமிழுக்கு அடியிலிருந்த மவுஸின் மூடியைத் திறந்தார். தலைகீழாகப் பிடித்துத் திறந்தார். உருளை துள்ளியது, அதன் முனையிலிருந்த குட்டிச் சக்கரம் கழன்று மேசையில் உருண்டு தரையில் விழுந்தது.

"என்னடா விழுந்துச்சு?" என்று சமையலறையிலிருந்து அண்ணி கேட்டாள்.

"ஒண்ணுமில்லக்கா."

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில் மண்டியிட்டார். மேசைக்கு அடியில் உள்ளங்கையால் தடவித் தடவித் தேடினார். நாளைக்குக் காலையில் வேண்டும். அது இல்லாமல் அந்தக் குமிழை எத்தனை திருப்பினாலும் திரையில் ஒன்றும் அசையாது. அவருக்கும் அது தெரியும்.

சக்கரம் அவள் கால் விரலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அவள் பார்த்தாள். குனியவில்லை, சொல்லவும் இல்லை. அவர் தேடுவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.